சாப்பிட வராத பையன்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. டிசம்பர் குளோசிங், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடிட் என்று இரண்டு மாதம் ஓடிப்போனது. மனாமாவில் குளிர்காலம் முடிவதற்குள் ஏதாவது எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

அக்கா பையன் திருப்பதியில் முதல் வருஷம் படிக்கிறான். ஹாஸ்டல். மூணு நாளாக போனை எடுக்கவில்லையாம். "நீ பேசிப் பாருடா, உன்கிட்டதான் பேசுவான்" என்றாள். நானும் அடித்தேன். ஏழாவது தடவை எடுத்தான். "ஒண்ணுமில்ல மாமா" என்றான். இந்த ஒண்ணுமில்ல என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிட்டியா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மூணு நாளாக மெஸ் பக்கமே போகவில்லை. பிஸ்கட்டும் தண்ணீரும். யாருமே கேட்கவில்லையா என்றேன். "யாரு கேப்பாங்க மாமா? மெஸ் பீஸ் செமஸ்டருக்கு மொத்தமா கட்டியாச்சு. வந்தா கார்டு தேய்ப்பாங்க, வரலன்னா தேய்க்க மாட்டாங்க."

பேங்கில் வேலை பார்ப்பவனுக்கு இந்த பதில் எப்படி இருக்கும் தெரியுமா? பணம் வந்துவிட்டது, கணக்கு டாலி ஆகிவிட்டது, ஆள் மட்டும் இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வழக்கமாக இங்கே சித்தூர் ஜில்லாவின் கோட்டை, கல்வெட்டு, வட எல்லைப் போராட்டம் என்று எழுதுவேன். இந்த முறை வேறு ஒரு வரலாறு. எங்கள் ஊர்ப்பக்கத்தில் படிக்கப்போன பிள்ளைகளை யார் தாங்கிப் பிடித்தார்கள், எப்படிப் பிடித்தார்கள் என்ற கதை.

முதலில் சாப்பாட்டில் இருந்தே ஆரம்பிப்போம். தமிழில் வாரச் சாப்பாடு என்று ஒரு வார்த்தை உண்டு. உங்கள் தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். தெலுங்கில் அப்படிச் சாப்பிட்டுப் படிக்கும் பையனுக்கே 'வாராலப்பாயி' என்று பெயர். கிராமத்தில் இருந்து டவுனுக்குப் படிக்க வரும் ஏழைப் பையன் ஏழு வீடு பிடிப்பான். திங்கட்கிழமை வக்கீல் வீடு, செவ்வாய் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா வீடு, புதன் வாத்தியார் வீடு... இப்படி. ஒரு வீட்டுக்கும் பெரிய பாரம் இல்லை, வாரத்துக்கு ஒரு நாள்தான். பையனுக்கு ஏழு நாளும் சாப்பாடு. ஹாஸ்டல் வராத காலத்தில் சென்னை ராஜதானியின் சின்ன டவுன்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் மெட்ரிகுலேஷன் முடித்தார்கள்.

இதில் மானக்கேடு உண்டு, மறைக்க வேண்டாம். நடையில் காத்திருக்க வேண்டும், வீட்டு வேலை ஒன்றிரண்டு செய்ய வேண்டும், சில வீடுகளில் மிச்சம் மீதிதான் இலையில் விழும். ஆனால் இதில் ஒரு ஏற்பாடு ஒளிந்திருந்தது. புதன்கிழமை வரவேண்டிய பையன் வரவில்லை என்றால் அந்த வீட்டு அம்மாளுக்கு உடனே தெரிந்துவிடும். ஏனென்றால் வடித்த சோறு மிச்சமாகும்! "என்னடா, போன வாரம் காணோம், ஜுரமா?" என்று அடுத்த வாரம் ஒரு குரல் கேட்கும். அன்பினால் கேட்டாரோ அரிசி வீணானதால் கேட்டாரோ, கேட்டார். ஊரில் ஏழு பேருக்கு அந்தப் பையனின் முகம் தெரியும்.

இந்த இடத்தில் நிறுத்தினால் ஆஹா அந்தக் காலம் என்று பாட்டுப் பாடுகிற கட்டுரையாகிவிடும். ஏழு வீடும் யாருக்குத் திறந்தன? பெரும்பாலும் தன் சாதிப் பையனுக்குத்தான். எங்கள் தாத்தாவும் படிக்கவென்றுதான் சித்தூர் டவுனுக்கு வந்தார். அவருக்கு அந்தத் திண்ணைகள் கிடைக்கவில்லை. கிடைத்தது வெல்ல மண்டியின் பரண். சித்தூர் வெல்ல மண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராத்திரி மண்டிக் கணக்கை எழுதிக் கொடுத்தால் இரண்டு வேளை சாப்பாடு, படுக்க இடம். எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்தார், முடிக்கவில்லை. ஆனால் பேரேடு எழுதும் கை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் கணக்கு எழுதிப் பிழைப்பது அந்தப் பரணில் ஆரம்பித்த வேலை.

இந்தக் கதவு சாத்தலுக்கு எதிராக எழுந்தவைதான் நம் பக்கத்து மாணவர் விடுதிகள். திராவிட இயக்க வரலாறு படித்தவர்களுக்கு டாக்டர் சி. நடேச முதலியார் 1916-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஆரம்பித்த 'திராவிடர் இல்லம்' நினைவிருக்கும். அரசியல் வரலாற்றில் அதற்கு ஒரு வரி கிடைக்கிறது. ஆனால் அது எதற்காக வந்தது? ஜில்லாக்களில் இருந்து படிக்க வந்த பிராமணரல்லாத பையன்களுக்கு தங்கவும் சாப்பிடவும் இடம் இல்லை, அதற்காக. அதே 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார், பின்னால் விடுதியும் சேர்ந்தது. ஹைதராபாத்தில் 1918-ல் ரெட்டி ஹாஸ்டல். ஆளாளுக்கு தன் சாதிக்கு ஒரு விடுதி என்று போனதும் உண்மைதான். ஆனால் கதவு சாத்தியிருக்கும் ஊரில் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு கதவு செய்துகொள்வதைத் தவிர வேறு என்ன செய்வார்கள்?

பெண்களுக்கு? வாரச் சாப்பாடே கிடையாது. ஒரு பெண் வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டுப் படிப்பதை அந்தக் காலம் நினைத்தே பார்க்கவில்லை. 1911-ல் பட்டம் வாங்கிய சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைக்க ஒரு இல்லம் நடத்தினார். அது கொஞ்ச காலம் மெரினாவின் ஐஸ் ஹவுஸில் இருந்தது. இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதேதான். அந்தப் பெண்களுக்கு சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாவற்றையும் விடப் பெரிய உதவி, தன்னைப் போலவே இன்னும் இருபது பேர் இருக்கிறார்கள் என்று பார்த்ததாகத்தான் இருந்திருக்கும். எங்கள் திருப்பதியில் பெண்களுக்கென்றே பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-ல்தான் வந்தது, என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது.

சரி, திருப்பதிக்கு வருவோம். 1896 வாக்கில் திருத்தணியில் இருந்து ஒரு பையன் திருப்பதி லூதரன் மிஷன் பள்ளிக்கு வந்தான். வசதியில்லாத குடும்பம். அப்புறம் வேலூர் ஊரிஸ் கல்லூரி, அங்கிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. எல்லாம் உதவித்தொகையில்தான். கல்லூரியில் என்ன பாடம் எடுப்பது என்று யோசித்தபோது, அதே கல்லூரியில் முடித்துவிட்டுப் போன சொந்தக்காரர் ஒருவர் தன்னுடைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் இனாம், ஆகவே பாடம் தத்துவம். அந்தப் பையன்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஒரு பழைய புத்தகக் கட்டு ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள். நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவர்.

திருப்பதியில் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954 செப்டம்பர் 2-ஆம் தேதி தொடங்கியது. ஆந்திரா தனி மாநிலமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அப்போது முதல்வர் தங்குடூரி பிரகாசம். அவர் கதையும் இதே மாதிரிதான். அப்பா சின்ன வயதில் போய்விட்டார், அம்மா ஒங்கோலில் சாப்பாட்டு மெஸ் நடத்தினார், அனுமந்தராவ் நாயுடு என்ற வாத்தியார் கூடவே இருந்து படிக்க வைத்தார். வாத்தியார் ராஜமுந்திரிக்கு மாறியபோது பையனையும் அழைத்துக்கொண்டு போனார்! இந்தக் காலத்தில் டிரான்ஸ்பர் ஆகிற வாத்தியார் ஒரு மாணவனைக் கூட்டிக்கொண்டு போவாரா?

இதுவரை சொன்னது எல்லாம் ஜெயித்தவர்கள் கதை. பின்னால் பெரிய ஆளானதால் நமக்குத் தெரிய வந்தவை. நடுவழியில் உடைந்தவர்கள் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கப்பட்ட ஒருவர் உண்டு, ராமானுஜன். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டு, உதவித்தொகையும் போய், 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். வீட்டார் பையனைக் காணவில்லை என்று 'தி இந்து'வில் செய்தி கொடுக்கும்படி ஆனது. கணித மேதை என்று நாம் கும்பிடுகிறவர், அந்த நேரத்தில் பெயிலாகி வீட்டுக்கு வரப் பயந்த பதினேழு வயதுப் பையன்.

கேம்பிரிட்ஜுக்குப் போன பிறகும் அந்தப் பையன் அவருக்குள்ளேயே இருந்தான் என்று நினைக்கிறேன். குளிர், போர்க்காலம், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், நோய். ஹார்டி அவருடைய கணக்கை உலகத்துக்குக் காட்டினார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தது பிரசாந்த சந்திர மகலனோபிஸ் சொன்ன சம்பவம். நம் புள்ளியியல் மகலனோபிஸ்தான், அப்போது அவரும் அங்கே மாணவர். ஒருநாள் ராமானுஜன் அறைக்குப் போனபோது, ராத்திரி குளிர் தாங்கமுடியவில்லை, கோட்டும் சால்வையும் போர்த்திக்கொண்டு தூங்குகிறேன் என்றாராம். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தால், கம்பளிகள் எல்லாம் மெத்தைக்கு அடியில் ஒழுங்காகச் சொருகி வைத்தபடியே இருக்கின்றன. அவற்றை இழுத்து உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இவர் காட்டிக் கொடுத்தார். இதை அவர் எந்தப் பேராசிரியரிடமும் கேட்டிருக்க மாட்டார். அறைக்குள் வந்து கட்டிலைப் பார்க்கிற ஒருவன் தேவைப்பட்டது. பிற்பாடு நோயும் தனிமையும் முற்றி, 1918-ல் லண்டனில் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் ராமானுஜன். காப்பாற்றப்பட்டார். அப்போது அந்தக் கட்டிலைப் பார்க்க யார் இருந்தார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது அரசாங்கக் காகிதங்களுக்கு வருவோம், அவை என் ஏரியா. அதே ராதாகிருஷ்ணன் தலைமையில்தான் 1948-49-ல் பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் அமைந்தது. பாடத்திட்டம், மொழி, சம்பளம் என்று எல்லாவற்றையும் பேசியதோடு மாணவர் நலனுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியது. சேரும்போதும், அதன் பின் வருஷம் ஒரு முறையும் இலவச மருத்துவப் பரிசோதனை, வீட்டிலிருந்து வந்து போகிற மாணவர்களுக்குக் குறைந்த விலையில் மதியச் சாப்பாடு, மாணவர் நலனுக்கென்று ஒரு ஆலோசனைக் குழு. மிஷன் பள்ளியிலும் உதவித்தொகையிலும் படித்த மனிதர் தலைமையில் வந்த அறிக்கையில் மதியச் சாப்பாடு இடம்பிடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அடுத்தது கோத்தாரி கமிஷன், 1964-66. இது இன்னும் ஒரு படி மேலே போய், ஆயிரம் மாணவர்களுக்கு ஒரு ஆலோசகராவது வேண்டும் என்று எண்ணிக்கையே சொல்லிவிட்டது. புதிதாக வரும் மாணவர்களுக்கு வழிகாட்டு நிகழ்ச்சி, முழுநேர மாணவர் நல டீன் எல்லாம் அதில் உண்டு. அறிக்கைகள் வந்தன, அலமாரிக்குப் போயின. பேங்கில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று வைத்திருப்போம். எங்கே போடுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார், ஏன் இவ்வளவு நாள் நிலுவை என்று. மாணவனின் மனசு 1949 முதல் அந்தக் கணக்கில்தான் கிடந்தது.

நான் திருப்பதிக்கு பி.காம். படிக்க வந்தது 1996. எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. சித்தூரில் இருந்து பாகாலா வழியாக பாசஞ்சர் பிடித்து, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஊறுகாய் ஜாடியோடு போய் இறங்கினேன். ஹாஸ்டலில் இடம் கிடைக்காததால் வெளியே ரூம். நாலு பேர். மூணு பேர் தெலுங்கு, நான் ஒருத்தன் தமிழ். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனபோது சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது என்று இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். அதன் விளைவு என்ன என்றால், எங்களை மாதிரிப் பையன்கள் ஜில்லா தலைநகரில் வீட்டுப் பாஷை தமிழாக, தெருப் பாஷை தெலுங்காக வளர்ந்தோம். தெலுங்கு பேசுவேன். ஆனால் துக்கம் வந்தால் தமிழில்தான் வரும். அதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது?

அந்த நவம்பரில்தான் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட செய்தி வந்தது. அம்மா பயந்துபோய் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவருக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள். 1997-ல் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் ராகிங் தடைச் சட்டங்கள் வந்தன. சீனியர்கள் கொஞ்சம் அடங்கினார்கள். ஆனால் ராகிங் நின்றால் பயம் நிற்கும், தனிமை நிற்காது.

முதல் வருஷ ரிசல்ட், இரண்டாம் வருஷ வகுப்பு ஆரம்பித்த பிறகு வந்தது. இரண்டு பேப்பர் போச்சு. அதில் ஒன்று அக்கவுண்டன்சி. சிரிக்காதீர்கள், இன்றைக்கு பிரான்ச் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள்தான் :-) தாத்தா பரணில் படுத்து எழுதிய கணக்கு, அதிலேயே நான் பெயில். அன்றைக்கு ரூமுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். வீட்டுக்கு எப்படிச் சொல்வது, சொல்லாமல் எங்கே போவது என்று ஏதேதோ நினைப்பு. சாப்பிடப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

எங்கள் மெஸ் ஒரு அம்மாள் தன் வீட்டிலேயே நடத்தியது. பெயருக்குத்தான் மெஸ். ஒரு ஹால், இரண்டு வரிசை, பருப்புப்பொடி, கோங்கூரா, ரசம். கணக்கு நோட்டில் யார் வந்தார் யார் வரவில்லை என்று கோடு போடுவார். வராத நாளுக்குக் காசு கழிக்க வேண்டும், அதனால். இரண்டாம் நாள் ராத்திரி அந்த அம்மாள் என் ரூம்மேட்டிடம், "உங்க தமிழ் அப்பாயி ரெண்டு நாளா வரலையே, ஊருக்குப் போயிட்டானா?" என்று கேட்டிருக்கிறார். அவன் ராயசோட்டிப் பக்கத்துக்காரன், பி.எஸ்சி. அதுவரை எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம் இல்லை. என் சோப்பை எடுத்துக் குளிப்பான், அதில் எனக்குக் கோபம். வந்து கட்டிலில் உட்கார்ந்தான். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ஒரேய், லெய். கொண்டக்கு போதாம்" என்றான். எழுந்திருடா, மலைக்குப் போகலாம்.

மணி பத்து இருக்கும். அலிபிரியில் இருந்து நடந்தோம். அப்போதெல்லாம் ராத்திரி முழுக்க ஏறலாம், 2023-ல் சிறுத்தை சம்பவத்துக்குப் பிறகுதான் நேரக் கட்டுப்பாடு வந்தது. மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படி. காலி கோபுரம் வரைக்கும் பேச மூச்சு இல்லை. அதற்கப்புறம் அவன் பேச ஆரம்பித்தான். அவனும் இன்டர்மீடியட்டில் ஒரு வருஷம் பெயிலானவன். யாருக்கும் சொல்லவில்லையாம், எனக்குத்தான் முதலில் சொல்கிறானாம். நான் அழுதுகொண்டே தமிழில் ஏதோ சொன்னேன். அவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். விடியற்காலை மேலே போய்ச் சேர்ந்தோம். மொட்டை போடலாமா என்றான். வேண்டாம், அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். தேவஸ்தானத்தின் நித்ய அன்னதானம் 1985-ல் ஆரம்பித்தது. மாசக் கடைசியில் கை காய்ந்தால் அங்கே போகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. கூப்பன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தோம். இரண்டு நாளுக்குப் பிறகு சாப்பிட்டேன். பக்தி என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. கால் வலியும் பசியும் சேர்ந்தால் மனசு கொஞ்சம் வழிவிடும் என்பது மட்டும் தெரியும்.

பின்னாளில் மனோதத்துவக்காரர்கள் இதையெல்லாம் வகை பிரித்து வைத்திருப்பதைப் படித்தேன். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹவுஸ் என்பவர் 1981-ல் சமூக ஆதரவை நான்காகப் பிரித்தார். மனசுக்கு ஆறுதல், கைக்கு உதவி, தகவல், உன் நிலைமையை நீயே எடை போட உதவும் ஒரு வார்த்தை. லாசரஸ், போக்மன் என்ற இருவர் 1984-ல் சமாளிக்கும் வழிகளை இரண்டாகப் பார்த்தார்கள். பிரச்சினையைத் தீர்க்கப் போவது ஒன்று, பிரச்சினை கிளப்பும் உணர்ச்சியை ஆற்றுவது இன்னொன்று. சரிதான். என் ரூம்மேட் ஒரே ராத்திரியில் உணர்ச்சியை ஆற்றினான். அடுத்த வாரம் ஒரு சீனியரிடம் கூட்டிப்போய் அக்கவுண்டன்சி டியூஷனுக்கு ஏற்பாடு செய்தான். எந்தப் புத்தகமும் படிக்காமல் இரண்டையும் செய்தான்.

இதில் ஆராய்ச்சியாளர்கள் கவனிக்கிற ஒரு நுணுக்கம் உண்டு. உதவி கிடைத்ததா என்பது வேறு, உதவ ஆள் இருக்கிறது என்று அவன் நம்புகிறானா என்பது வேறு. மன அழுத்தத்தைக் குறைப்பதில் இரண்டாவதுதான் பல ஆய்வுகளில் அதிகம் தெரிகிறது. மாணவர்களிடம் இதை அளக்கப் பரவலாகப் பயன்படும் படிவம் 1988-ல் வந்தது, பன்னிரண்டே கேள்வி. குடும்பம், நண்பர்கள், உனக்கு முக்கியமான ஒருவர் என்று மூன்று பக்கமும் கேட்கும். அக்கா பையனிடமும் யாரோ ஆராய்ச்சி மாணவி இந்த மாதிரி ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறாள். குடும்பத்துக்கு நல்ல மார்க் போட்டானாம். "நண்பர்கள் காலத்துல என்ன போட்ட?" என்றேன். "நடுவுல ஒண்ணு போட்டேன் மாமா." அவ்வளவு பெரிய ஹாஸ்டலில் நடுவில் ஒன்று.

இன்றைக்குத் திருப்பதியைப் பாருங்கள். வெங்கடேஸ்வரா, பத்மாவதி, சமஸ்கிருதம், கால்நடை, மருத்துவம், 2015-ல் வந்த ஐ.ஐ.டி., ஐசர் என்று கோவிலுக்கு அடுத்தபடி ஊரே படிப்பால்தான் ஓடுகிறது. குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் வேறு. ஆந்திராவின் எல்லா மூலையில் இருந்தும், வெளி மாநிலங்களில் இருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் மட்டும் நாடு முழுக்கத் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். அந்த எண்ணைப் பார்த்ததும் கால்குலேட்டரை எடுத்தேன், தொழில் பழக்கம். ஒரு நாளைக்கு 35-க்கு மேல் வருகிறது. கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டேன்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் மரணத்தில் தொடங்கிய வழக்கு, அதாவது எங்கள் மாநில வழக்கு. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளில் சொல்லிவிட்டது. கோத்தாரி கமிஷன் சொல்லி ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து! 2022 அக்டோபரில் இருந்து 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இருக்கிறது. இலவசம், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். ரொம்ப நல்லது, தேவை. படித்த ஆலோசகர் செய்வதை ரூம்மேட்டால் செய்ய முடியாது. மலையேறினால் தீராத வியாதிகள் உண்டு, அதற்கு டாக்டர்தான் வேண்டும். ஆனால் ஆலோசகர் தன் அறையில் உட்கார்ந்திருப்பார். அங்கே போவதற்கும் எண்ணை அழுத்துவதற்கும் பையன் முதலில் கட்டிலில் இருந்து எழுந்திருக்க வேண்டுமே? மெஸ் அம்மாள் போட்ட கோடு அந்த வேலையைத்தான் செய்தது. இன்றைய கார்டு மிஷினுக்கும் யார் வரவில்லை என்று தெரியும், நாள் நேரத்தோடு தெரியும். அதைத் திறந்து பார்க்கிற ஆள்தான் இல்லை.

அக்கா பையன் கதையைப் பாதியில் விட்டேன் இல்லையா? அன்று ராத்திரி அவனிடம் ரூம்மேட்டின் நம்பரைக் கேட்டேன். தயங்கித்தான் கொடுத்தான். அந்தப் பிள்ளை ஒரிசாக்காரன். தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த பேங்க் ஹிந்தியில், தம்பி, இவன் மூணு நாளாகச் சாப்பிடவில்லை, கொஞ்சம் இழுத்துக்கொண்டு போ என்றேன். அவன் அதிர்ந்துபோனான். "அங்கிள், நானும் ரெண்டு நாளா மெஸ்ஸுக்குப் போகலை. இவன் போயிட்டு வர்றான்னு நினைச்சேன்" என்றான்.

மறுநாள் அக்கா சித்தூரில் இருந்து முதல் பஸ்ஸில் போய் இறங்கிவிட்டாள். இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துப் புளியோதரை போட்டாளாம். என்ன பிரச்சினை என்று கேட்கவில்லையாம், சாயங்காலம் அவனே சொன்னானாம். இன்டர்னல் மார்க், வகுப்பில் இங்கிலீஷ், இன்னும் ஏதோ எனக்குச் சொல்லாத ஒன்று. இந்த வாரம் டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போகிறார்கள்.

நான் தினமும் பேங்க் முடிந்ததும் போன் பண்ணுகிறேன். அங்கே அப்போது மணி எட்டைத் தாண்டியிருக்கும். "மாமா, தெனம் சாப்டியான்னே கேக்காதீங்க, போரடிக்குது" என்றான் நேற்று. சரி என்று சொல்லிவிட்டு, ஒரிசாக்காரன் சாப்பிட்டானா என்று கேட்டேன். சாப்பிட்டானாம். ரசம்தான் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லையாம்.